பஞ்சாங்கம் பார்த்துப் பெருகும் ஓடை

தாமிரபரணிக்குக் கிளையாறுகள் பல உண்டு. மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று எல்லாமே மலையில் பிறந்து, பாறையில் விழுந்து புரண்டு, கஷ்டப்பட்டு வந்து சேர்ந்தவை. கடைசியாகச் சேர்ந்த ஒன்று மட்டும் திருநெல்வேலிச் சந்திப்புக்குப் பக்கத்தில், பூரணகும்ப மகால் என்ற கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்துக்குப் பின்னால் பிறக்கிறது. அங்கிருந்து எட்டுவீட்டுத் தெருவின் முதுகுப்பக்கமாகக் கூப்பிடு தூரம் ஓடி ஆற்றில் கலந்துவிடுகிறது. மற்ற ஆறுகளைப் பெற்றது யார் என்று யாருக்கும் தெரியாது. இதைப் பெற்றவர் ஆவுடைநாயகம். அவர் வேண்டி விரும்பிப் பெறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆவுடைநாயகம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் அந்த இடத்திலேயே நம்பிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி பிரமுவிடம் சொல்லும்போதுதான் சந்தேகப்பட ஆரம்பிக்கிற சுபாவம். எட்டுவீட்டுத் தெருவில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடியது முன்பு வெறும் மழைத்தண்ணீர் வாய்க்கால். ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் ஓடும், மற்ற நாளில் அதில் கோழி மேயும். மேலத்தெருவில் மகால் வந்த பிறகு, மகாலின் பின்சுவரில் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஒரு குழாய் முளைத்தது. முகூர்த்த நாளில் அதிலிருந்து பந்திக் கழிவும் கழிப்பறைக் கழிவும் ஒன்றாகப் பாய்ந்து வரும். மூன்று வருஷத்தில் ஆவுடைநாயகத்தின் கிணறு நாறிவிட்டது. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த உடம்பு பிரமுவுக்கு. இப்போது கேன் தண்ணீரில் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் மதுரையில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் விஜயஸ்ரீ தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். வளைகாப்புக்கு நாள் பேச வந்த சம்பந்தியம்மாள், வாசலில் மூக்கைப் பொத்திய முந்தானையைக் காபி வந்தபோதுதான் எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் பொத்திக்கொண்டார். கிளம்பும்போது நயமாகத்தான் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. இந்தச் சாக்கடை நின்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மறுநாளே புள்ளையக் கொண்டாந்து விடுறோம். நிக்காட்டி எங்க வீட்டுலயே இருக்கட்டும். பச்சைப்பிள்ளைக்கு ஆகாது."

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆவுடைநாயகத்துக்கு நெஞ்சில் தைத்தது. பெற்ற பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க லாயக்கில்லாத வீடு என்று அவர் வீட்டு முற்றத்திலேயே நின்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போகிறார். பிரமு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவர் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்த அதிகாரி வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு சாக்கடை அந்த இடத்தில் இல்லை என்றார். வேண்டுமானால் நேரில் வந்து பாருங்கள் என்றதற்கு, வரைபடத்தில் இல்லாத ஒன்றை நேரில் வந்து பார்ப்பது விதிகளுக்குப் புறம்பானது என்று வருத்தத்தோடு விளக்கினார். பக்கத்து வீட்டு பாக்கியசீலன்தான் வழி சொன்னார்.

"பேரவைக்காரங்ககிட்ட போயிச் சொல்லும் அண்ணாச்சி. அவங்க வந்தா பேப்பர்காரன் வருவான். பேப்பர்காரன் வந்தா மத்தவன்லாம் தன்னால வருவான்."

பேரவை என்றால் பொருநை அன்னை புத்துயிர்ப் பேரவை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பொருநை என்கிற தாமிரபரணியைச் சுத்தம் செய்கிற அமைப்பு. நாலு வருஷமாக ஒரே படித்துறையைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், ஏனென்றால் நிழலும் கார் நிறுத்த இடமும் அங்கேதான் இருந்தன. ஆவுடைநாயகம் போன அன்று பச்சைப் பனியனும் தொப்பியும் போட்ட கூட்டம் வரிசையாக நின்றது. முதலில் குத்துவிளக்கு, பிறகு நதி வாழ்த்து, பிறகு உறுதிமொழி, பிறகு பொன்னாடை. இறந்தவர்களுக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள் ஆற்றில் விட்டுப்போகிற பழந்துணிகளை எடுப்பதுதான் அன்றைய பணி. எடுத்த துணியைவிட அன்றைக்குத் தோளில் போட்ட துணி அதிகம். குப்பை போதாத வாரங்களில் தலைவருடைய இடத்திலிருந்து இரண்டு மூட்டை வரும் என்று பக்கத்தில் நின்ற தொண்டர் பெருமையாகச் சொன்னார். பணி முடிந்ததும் பாக்குமட்டைத் தட்டில் வெண்பொங்கல் கொடுத்தார்கள். தின்ற தட்டுகளை அடுத்த வாரத்துக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

பேரவையின் தலைவர் குமரகுருபரன். பூரணகும்ப மகாலின் சொந்தக்காரரும் அவரேதான். நெற்றி நிறைய திருநீறும், எதிரே வருகிறவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடாத பழக்கமும் உள்ளவர். ஆவுடைநாயகம் அவரைத் தனியாக ஒதுக்கிக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க மகால் பின்னால இருந்து வார கழிவுத் தண்ணி எங்க கிணத்தையே கெடுத்துட்டு. மக பேறுகாலத்துக்கு வாரா. நீங்கதான் பாத்துச் செய்யணும்."

குமரகுருபரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. நேராக ஒலிபெருக்கிக்குப் போனார்.

"அன்பர்களே, நீர்மகள் விருதுக்கு நாம் விண்ணப்பிக்க வேண்டுமானால் புறக்கணிக்கப்பட்ட ஒரு ஓடையைத் தத்தெடுக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து சொல்லிவிட்டார்கள். நல்ல ஓடைகளையெல்லாம் நகைக்கடைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். எனக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை. இன்றைக்கு அன்னையே ஒரு அடியாரை அனுப்பியிருக்கிறாள். தன் வீட்டுப் பின்புறம் கவனிப்பாரற்று ஓடும் ஓர் ஓடையை அண்ணாச்சி ஆவுடைநாயகம் கண்டுபிடித்திருக்கிறார்."

கைதட்டினார்கள். ஆவுடைநாயகத்துக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது. தான் சொன்னதையும் அவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து என்ன வித்தியாசம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பொங்கல் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பிரமுவிடம் சொன்னபோதுதான் அவருக்கு முதல் சந்தேகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுவீட்டுத் தெருவில் பச்சைப் பனியன் மயம். வாய்க்காலில் கிடந்த பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கினார்கள், கரையில் அரளிக் கன்று வைத்தார்கள், ஆவுடைநாயகம் வீட்டுச் சுவரில் மீன்களும் தாமரையும் வரைந்தார்கள். குழாயில் யாரும் கை வைக்கவில்லை. அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மட்டும் பேரவைச் செயலாளர் சித்ரலேகா அம்மையார் முகம் சுளித்தார். மறுவாரம் மயிலாடியிலிருந்து கருங்கல்லில் செதுக்கிய பசு முகம் ஒன்று வந்தது. கோயில் கருவறையிலிருந்து அபிஷேகத் தண்ணீர் வெளியே வருமே, அந்தக் கோமுகம் மாதிரி. அதைக் குழாய் வாயில் பொருத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். சின்னப் பொருநை என்று பெயர்ப் பலகை நட்டார்கள். அன்று சாயங்காலமே அந்த வழியாகப் போன பெண்கள் அதில் விரல் நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை ஆவுடைநாயகம் மாடியிலிருந்து பார்த்தார்.

சித்ரலேகா அம்மையார் போகும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். ஆவுடைநாயகம் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக ஓடையில் விழுகிறது.

"ஒரு நீர்நிலையில் வீட்டுக் கழிவை விடுவது குற்றம் இல்லையா சார்? படித்தவர் நீங்களே இப்படிச் செய்யலாமா?"

அந்தக் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுத்தான் போனார்கள். அன்றிலிருந்து பிரமு குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து, நடுவீடு வழியாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருச் சாக்கடையில் ஊற்றினாள். முதல் நாள் ஊற்றிவிட்டு வந்து வாளியைத் தரையில் வைத்த சத்தத்தில் ஆவுடைநாயகத்துக்குக் காபி கேட்கப் பயமாக இருந்தது.

"நீங்கதான போயிக் கூட்டிட்டு வந்திய" என்றாள். "இருக்கத அடைக்கச் சொன்னா நம்மள அடைச்சிட்டுப் போறாவ."

இதற்கு நடுவே முனைவர் சங்கரசுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அது ஏன் அந்தப் பெயர் அல்ல என்று விளக்கக்கூடியவர். பேரவை அவரை ஓடையின் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தது. அவர் வைகாசி, ஆனி இரண்டு மாதமும் கரையில் குடை பிடித்து உட்கார்ந்து ஓடையைக் கவனித்தார். கவனித்ததை ஆனி கடைசியில் மகாலில் நடந்த கருத்தரங்கில் அறிவித்தார்.

"இந்த ஓடைக்குப் பஞ்சாங்கம் தெரிகிறது" என்று ஆரம்பித்தார். "வளர்பிறை முகூர்த்தம் என்றால் பெருகுகிறது. அஷ்டமி நவமியில் அடங்கிக் கிடக்கிறது. கரிநாளில் ஒரு சொட்டு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முகூர்த்தத்துக்கு மறுநாள் பால் நிறம் கொள்கிறது. இந்த ஞானம் மணிமுத்தாற்றுக்கு உண்டா? கடனாநதிக்கு உண்டா?"

கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திருநெல்வேலிக்காரர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைப்பதும், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் போடுவதும் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் இது. பேராசிரியரே தன் மகள் கல்யாணத்தை இதே மகாலில் நடத்தி, மறுநாள் சொதியை இலையில் அணைகட்டிச் சாப்பிட்டவர். மிஞ்சிய அண்டாச் சொதி எங்கே போகும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் பேரவையில் பதவியில் இருந்தார்கள். பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்டுபிடித்தவர் என்ற முறையில் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஆவுடைநாயகம் எழுந்து நின்றார்.

"ஐயா, அது சொதி" என்றார். "மறுவீட்டுக்கு வச்சு மிஞ்சுன சொதிய ஊத்துதாவ. அதான் வெள்ளையா வருது."

பேராசிரியர் கோபப்படவில்லை. புன்னகைத்தார்.

"உங்களுக்குச் சொதியாகத் தெரிகிறது. எனக்குப் பாலாகத் தெரிகிறது. அவரவர் பக்குவம்."

அந்தக் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆவுடைநாயகம் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தொடையைத் தட்டி, போகப் போகப் பக்குவம் வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார்.

ஆனால் ஆடி மாதம் என்று ஒன்று இருக்கிறதே. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மகால் பூட்டிக் கிடந்தது. ஒரு வாரத்தில் சின்னப் பொருநை வற்றி, கல் பசு வாயில் சிலந்தி வலை கட்டிவிட்டது. வாடை போய்விட்டது. ஆவுடைநாயகம் ஆள் வைத்துக் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்தார். மூன்றாம் தடவை ஊறிய தண்ணீரைப் பிரமு உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். உள்ளே போய் மதுரைக்குப் போன் போட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு வருஷமாகியிருந்தது அவருக்கு. வாய்க்கால் சுத்தமாக வறண்டுவிட்டது என்று கேட்டதும் சம்பந்தியம்மாளும் சொன்ன சொல் மாறவில்லை. எட்டாம் மாசம் பயணம் கூடாது, ஒன்பது பிறந்ததும் ஆடிப்பெருக்கன்று கொண்டுவந்து விடுகிறோம் என்றார். பிரமு அறைக்கு வெள்ளையடித்தாள். பத்தமடைப் பாய் ஒன்று புதிதாக வாங்கி வைத்தாள். பழைய மரத்தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, மகள் பிள்ளையாக இருந்தபோது கடித்த பல் தடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரவையிலோ இழவு வீடு மாதிரி இருந்தது. விருதுக் குழு சென்னையிலிருந்து ஆடிப்பெருக்கன்று வருகிறது. வற்றாத ஓடை என்று விண்ணப்பத்தில் சொல்லியாகிவிட்டது. அவசரக் கூட்டம் போட்டார்கள். குமரகுருபரன் எழுந்து பேசினார்.

"நான் என் மகாலைப் பற்றி யோசிப்பவன் அல்ல. ஓடைக்காகச் சொல்கிறேன். இந்த ஆடி முழுவதும் மகால் வாடகையில் பாதித் தள்ளுபடி. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, பணி ஓய்வுப் பாராட்டு, எது வேண்டுமானாலும் நடத்துங்கள். சாப்பாடு போட வேண்டும், அதுதான் நிபந்தனை. நாலு பேர் கை கழுவினால்தான் நதி ஓடும்."

இந்தத் தியாகத்துக்கு அவருக்கு ஒரு பொன்னாடை போட்டார்கள். ஊரில் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தவர்களுக்கெல்லாம் பாராட்டு விழா நடந்தது. ஆடி பதினாறாம் தேதி வாக்கில் பசு வாயில் சிலந்தி வலை அறுந்து தண்ணீர் கசிந்தது. ஆடிப்பெருக்கன்று விருது விழாவுக்கு ஆயிரம் இலை போடுவதாக ஏற்பாடு.

ஆவுடைநாயகம் குமரகுருபரன் வீட்டுக்குப் போனார். மகள் வருகிற அந்த ஒரு நாளாவது விழாவை வேறு எங்காவது வைத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினார். குமரகுருபரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் கொடுத்துவைத்தவள், பிள்ளை பிறக்கும் முன்பே தீர்த்தம் வாசலுக்கு வருகிறது என்றார். ஆவுடைநாயகம் கையை உருவிக்கொண்டு நேராகச் சிமெண்ட் கடைக்குப் போனார்.

விழாவுக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் அவரும் பாக்கியசீலனும் வாய்க்காலில் இறங்கினார்கள். மணல் மூட்டைகளைக் குழாய்க்குள் திணித்து, ஈரச் சிமெண்டை வைத்துப் பூசினார்கள். பசுவின் வாய் நிறைய சாந்து. பொட்டு வைத்த கல்லைப் பார்க்கப் பார்க்க ஆவுடைநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம் கீவம் வந்துருமோவே?"

"எங்க வேதப் புஸ்தகத்துல தேடிப் பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றார் பாக்கியசீலன். "சாக்கடைய அடைக்கக் கூடாதுன்னு எங்கனயும் இல்ல. நீரு பூசும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மகாலில் விளக்கேற்றினார்கள். வாழ்த்துரைகள் நடந்துகொண்டிருக்கும்போதே பின்னால் பந்தி ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் பந்தியில் கை கழுவும் தொட்டிகள் நிரம்பின. நாலாம் பந்தியில் தரைத் துவாரங்களிலிருந்து தண்ணீர் மேலே கொப்பளித்தது. கறுப்பாக, ரசமும் சாம்பாரும் இன்னும் சொல்லக் கூடாததுமாக, பந்திக்கூடத்தைத் தாண்டி விழா அரங்குக்குள் வந்தது. தண்ணீரை முதலில் பார்த்தவர் குமரகுருபரன். என்ன தண்ணீர் என்று அந்த அரங்கில் அவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அதனால் அவர்தான் முதலில் நாற்காலி மேல் ஏறினார். ஏறி நின்றபின் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"நாம் அன்னையைத் தேடிப் போனோம். இன்று ஆடிப்பெருக்கில் அன்னை நம்மைத் தேடி வந்துவிட்டாள்."

பேராசிரியர் இறங்கி நின்று, கணுக்கால் நனைய, குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அவர் மனசார நம்பினார், அதைச் சொல்லிவிட வேண்டும். விருதுக் குழுத் தலைவர் மூக்கைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சித்ரலேகா அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் கும்பிட்டார். நீர்மகள் விருது அந்த இடத்திலேயே, பட்டுப் புடவைகள் முழங்கால் வரை தூக்கப்பட்ட நிலையில், ஒருமனதாக அறிவிக்கப்பட்டது.

அறிவித்தும் தண்ணீர் வடியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தவர்கள் பசுவின் வாயை யாரோ பூசிவிட்டதாக அலறிக்கொண்டு வந்தார்கள். ஜேசிபி வந்தது. ஆவுடைநாயகம் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டார். ஒரு மணி நேரம் பொறுங்கள், மகள் வந்து உள்ளே போய்விடட்டும் என்றார். நாலு பனியன்கள் அவரைத் தூக்கி ஓரமாக வைத்தன. ஜேசிபி ஒரு தட்டுத் தட்டியது.

ஆயிரம் இலைத் தண்ணீரும் ஒரே மூச்சில் வந்தது. கல் பசு தெறித்து ஆற்றில் விழுந்தது. வாய்க்கால் கொள்ளாமல், தாமரையும் மீனும் வரைந்த சுவரைச் சாய்த்துக்கொண்டு, ஆவுடைநாயகத்தின் கொல்லையில் பாய்ந்து, கிணற்றுக்குள் தொபதொபவென்று இறங்கியது. நடுவீடு வழியாக வாசலுக்கு வந்து தெருவில் வழிந்தது. அப்போதுதான் மதுரைக் கார் தெருமுனையில் திரும்பியது.

கார் கொஞ்ச தூரம் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது, சம்பந்தியம்மாள் முகம் தெரிந்தது, கண்ணாடி ஏறியது. பிரமு முழங்கால் அளவு சேற்றில், ஆரத்தித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். பின் கதவைத் திறக்க விஜயஸ்ரீ முயன்றதும், உள்ளேயிருந்து ஒரு கை அவளைத் தடுத்ததும் ஆவுடைநாயகத்துக்குத் தெரிந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியை அந்தத் தண்ணீரில் யார் இறக்குவார்கள்? கார் பின்னாலேயே போய்த் திரும்பியது. பிரமு நடுத்தெருவில் நின்றாள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நீர்நிலையை ஆக்கிரமித்து அடைத்த குற்றத்துக்காக ஆவுடைநாயகத்தைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். இல்லாத சாக்கடை என்று சொன்ன அதே அதிகாரி வந்து, இப்போது வரைபடத்தில் ஓடை இருப்பதாகவும், அதன் ஓட்டத்தைத் தடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்றும் எடுத்துச் சொன்னார். கடைசியில் குமரகுருபரனே பெருந்தன்மையாக வந்து புகாரைத் திரும்பப் பெற்றார். சின்னப் பொருநையைப் பற்றி இனி எங்கும் எவரிடமும் ஒரு சொல் தவறாகப் பேச மாட்டேன் என்று விளக்கின் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஒரு பொன்னாடையும் போட்டுவிட்டார். புதுக் கல் பசு மறுவாரமே வந்தது. முன்னதைவிடப் பெரிது.

ஆவணி பிறந்தது, முகூர்த்தங்கள் பிறந்தன, விஜயஸ்ரீக்கு மதுரையில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ஆவுடைநாயகமும் பிரமுவும் பஸ் ஏறிப் போனார்கள். நாறுகிற வீட்டிலிருந்து வருகிறோம் என்று பிரமு அங்கே போய் ஒரு தடவை குளித்தாள். அவர் இரண்டு தடவை குளித்தார். நன்றாகத்தான் வரவேற்றார்கள். சம்பந்தியம்மாள் குழந்தையைக் கொண்டுவந்து பிரமு மடியில் வைத்தார். பிறகு ஆவுடைநாயகத்தைப் பார்த்து, குழந்தைக்கு இன்னும் சேனை தொட்டு வைக்கவில்லை, தாத்தா கையால் வைக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம் என்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பார்கள். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. இத்தனைக்குப் பிறகும் தன் கையை அவர்கள் மதித்ததில் ஆவுடைநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக் கிண்ணத்தில் சீனி வந்தது. கூடவே ஒரு பாட்டில் வந்தது. உள்ளே பால் மாதிரி வெள்ளையாக ஏதோ கலங்கியிருந்தது. மேலே கல் பசுவின் படம்.

"விருது வாங்குனதை டிவியில பாத்தோம்ணே" என்றார் சம்பந்தியம்மாள். "உங்க ஊரு சின்னப் பொருநை பால் தீர்த்தம். முகூர்த்தத்துக்கு மறுநாள் மட்டுந்தான் கிடைக்குமாம்ல? நீங்கதான் கண்டுபிடிச்சதாமே. ஒரு வார்த்தை சொல்லலையே எங்ககிட்ட."

சம்பந்தியம்மாள் காருக்குள்ளிருந்து பார்த்த சாக்கடையும் டிவியில் பார்த்த ஓடையும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கிண்ணத்துச் சீனியில் அவரே பாட்டிலைச் சாய்த்து ஊற்றி, விரலால் கரைத்து, கிண்ணத்தை ஆவுடைநாயகத்தின் கையில் கொடுத்தார். குழந்தை வாயைத் திறந்து நாக்கை நீட்டியது.

"மதினி, வேண்டாம்" என்றார் அவர். விளக்கின் முன்னால் செய்த சத்தியம் நினைவுக்கு வந்து போயிற்று. "அது எங்க வீட்டுப் பின்னால ஓடுத சாக்கடைதான். அன்னைக்குக் கார்ல இருந்து பாத்தியள்லா, அதே தண்ணி."

சம்பந்தியம்மாளின் முகம் சுருங்கியது.

"உங்க வீட்டுச் சாக்கடை நாறுச்சுங்கறதுக்காகச் சாமி தண்ணியப் பழிக்கலாமாண்ணே? நல்ல நாளும் அதுவுமா. வைங்க, புள்ளை அழுவுது பாருங்க."

விஜயஸ்ரீ கட்டிலிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரமு குழந்தையின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். ஆவுடைநாயகம் கிண்ணத்தைத் தூக்கி, தன் வாயில் கவிழ்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். பாட்டிலில் மிஞ்சியதையும் எடுத்துக் குடித்தார். சீனியைத் தாண்டி அந்த ருசி அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தேங்காய்ப்பால், அழுகின முருங்கைக்காய், கடைசியில் அடித்தொண்டையில் கொஞ்சம் இஞ்சித் துவையல்.

சம்பந்தியம்மாளுக்குத்தான் முதலில் மனசு இளகியது. பாவம், பேத்தியைக் கண்ட சந்தோஷத்தில் பக்தி மேலிட்டுவிட்டது மனுஷனுக்கு என்று நினைத்திருப்பார் போல.

"அதுக்கென்னண்ணே, குடிங்க" என்றார் உள்ளே எழுந்து போய்க்கொண்டே. "பெட்டியோடதான் வாங்கி வச்சிருக்கோம்."